பானை மட்டும் உங்களுடையது

செஸ்ட்ரி, ஜெனோவா
20 மே 1964

பொனாரியாவுக்கு,

நீ கப்பல் ஏறிய விஷயம் எனக்கு மீன்காரி மூலம்தான் தெரிந்தது. "என்ன தெக்லா, உன் தம்பி பொண்டாட்டி பெட்டியும் பிள்ளையுமா துறைமுகத்துல நின்னாளே, ஊருக்கா?" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "ஆமா, அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். உனக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன், தெரிந்துகொள். லாஸரோ வேலை முடிந்து வந்து, மேஜையில் நீ வைத்துப் போன சாவியைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டான். அவன் உனக்கு எழுத மாட்டான். இரும்புத் தகடு வளைக்கிற கை அது, பேனா பிடிக்காது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

கவீனோ எப்படி இருக்கிறான்? கண்ணில் இருந்த மஞ்சள் போய்விட்டதா? முகத்தில் கொஞ்சமாவது ரத்தம் ஊறியிருக்கிறதா? இதற்கு மட்டுமாவது பதில் போடு.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், "என் பிள்ளையக் கொல்லப் பாத்தீங்க" என்றாய். பதில் சொல்ல எனக்கு இடம் தரவில்லை. இப்போது சொல்கிறேன். மே முதல் தேதி இந்த ஊரில் ஃபாவா அவரை வாங்காத வீடு கிடையாது. பாலாடைக்கட்டியும் சலாமியும் பச்சை ஃபாவாவும் எடுத்துக்கொண்டு ஊரே மலையேறிப் போகும். நானே கூடை கூடையாக விற்றேன். மீந்ததை மறுநாள் மினெஸ்ட்ரோனேயில் போட்டேன். வசந்த காலத்தில் ஃபாவா போடாமல் அந்த சூப்பை வைத்தால் இங்கே யாரும் அதை சூப் என்றே மதிக்க மாட்டார்கள். பையனுக்கு ஃபாவா ஆகாது என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அவன் தட்டில் ஊற்றியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபாவாவாகப் பொறுக்கி எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன். ஒன்றுகூட விடவில்லை. இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்?

சண்டைக் காலத்தில் அப்பாவும் அம்மாவும் குண்டுவீச்சில் போன பிறகு, லாஸரோவை நான் வளர்த்தது இந்த சூப்பால்தான். இறைச்சி கண்ணில் படாத காலம். காட்டுக் கீரையும் பீன்ஸும் உருளையும் போட்டு, அப்பாவின் அந்தப் பானையில் வைத்து ஊட்டினேன். அவன் இன்று எருது போல இருக்கிறான். அதே பானை, அதே கை. அது ஒரு பிள்ளையைக் கொல்லும் என்கிறாய்.

தெக்லா

*

இத்திரி, சர்தேஞ்ஞா தீவு
2 ஜூன் 1964

தெக்லா அவர்களுக்கு,

கவீனோ எழுந்து நடக்கிறான். கண்ணில் மஞ்சள் இல்லை. கிணற்றடி வரை போனால் மூச்சு வாங்குகிறது. சிறுநீர் தெளிவாகப் போகிறது. நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

நீங்கள் ஃபாவாவைப் பொறுக்கி எடுத்தீர்கள் என்பதை நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் தட்டிலிருந்து எடுத்தீர்களே தவிர, சூப்பிலிருந்து எப்படி எடுப்பீர்கள்? உங்கள் மினெஸ்ட்ரோனே பாதி நாள் அடுப்பில் இருக்கும். நடுவில் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நட்டுக் காட்டுவீர்கள். கரண்டி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? கரைந்துபோன அவரையைப் பிடித்துக்கொண்டுதான். அந்தக் கரைசலைத்தான் என் மகன் குடித்தான்.

என் தம்பிக்கு நாலு வயதில் இப்படித்தான் ஆனது. பக்கத்து வயலில் பச்சையாகப் பறித்துத் தின்றுவிட்டான். இங்கே அப்போது ரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரி இல்லை. அவன் பெயர் கவீனோ. உங்கள் வீட்டில் ஏழு வருஷம் இருந்தேன், பிள்ளைக்கு ஏன் இந்தப் பெயர் என்று ஒருவரும் கேட்டதில்லை. "என்ன தீவுக்காரப் பேரோ" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நான் லாஸரோவை விட்டு வரவில்லை. உங்கள் அடுப்பை விட்டு வந்தேன். அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பொனாரியா

*

செஸ்ட்ரி
15 ஜூன் 1964

பொனாரியாவுக்கு,

இத்தனை நாள் 'அக்கா, அக்கா' என்று சுற்றி வந்தவளுக்கு இப்போது நான் 'அவர்கள்' ஆகிவிட்டேன். சரி, இருக்கட்டும்.

உன் தம்பி விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் தீவில் ஃபாவா பூத்த வயல் பக்கம் நடந்தாலே மயக்கம் வரும் என்கிறார்கள். பூவாசம் பட்டாலே ஆகாது என்கிறார்கள். இதையெல்லாம் நீயே சொல்லியிருக்கிறாய். இப்படிச் சொல்கிறவள் 'சூப்பில் போடாதீர்கள்' என்றால், அதையும் அந்தக் கணக்கில்தானே எடுத்துக்கொள்வேன்? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த வியாதி கிடையாது. எங்கள் ரத்தத்தில் இல்லாத ஒன்று பையனுக்கு எங்கிருந்து வந்தது என்று உன் மனதுக்குத் தெரியும். பானை மேல் பழி போடாதே.

அந்த சூப் இந்த ஊரில் பிறந்தது. மாதக்கணக்கில் கடலில் உப்பு மீனும் காய்ந்த ரொட்டியும் தின்று திரும்புகிறவர்களுக்கு, துறைமுகத்திலேயே படகில் பானை வைத்துக் கொண்டுபோய் ஊற்றினார்கள். எங்கள் அப்பா அந்தப் படகுக்காரர்களில் கடைசி ஆட்களில் ஒருவர். கப்பல் நங்கூரம் போடும் முன்பே மேலிருந்து "சூப்பு! சூப்பு!" என்று கத்துவார்களாம். பச்சைக் காய் காணாமல் ஈறு வீங்கிப்போனவர்கள் அழுதுகொண்டே குடிப்பார்களாம். அந்தப் படகிலிருந்த பானைதான் நம் வீட்டில் இருப்பது. அதைப் பற்றிப் பேசும்போது பார்த்துப் பேசு.

லாஸரோவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "அடுப்ப விட்டுத்தான் போனாளா?" என்று கேட்டுவிட்டு, போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தெக்லா

*

இத்திரி
9 ஜூலை 1964

தெக்லா அவர்களுக்கு,

இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை என் சிறுவயதுத் தோழி. உங்கள் கடிதத்தில் சூப் பற்றிய பகுதியை மட்டும் அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். "அந்தப் பானையில என்னென்ன போடுவாங்க, சொல்லு" என்றாள். சொன்னேன்.

பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு அங்கிருந்து வந்தது. தக்காளி, பூசணி, சுக்கினி எல்லாம் அங்கிருந்துதான். கடைசியில் கலக்குகிற பெஸ்தோவில், அந்தப் பேசில் விழுதில், நீங்கள் சீவிப் போடுகிற ஆட்டுப்பால் கட்டி எங்கள் மேய்ச்சல்காரர்கள் செய்வது. கடைக்காரனிடம் "சர்தோ கட்டி குடு, வேற எதுவும் வேண்டாம்" என்று நீங்கள்தான் சண்டை போடுவீர்கள். உப்பும் எங்கள் உப்பளத்து உப்பு. ஆக, அந்த சூப்பில் உங்கள் ஊருடையது என்று பார்த்தால் பேசில் தழை ஒன்று, பானை ஒன்று.

சரி, அமெரிக்காவிலிருந்து பீன்ஸ் வரும் முன்பு உங்கள் முன்னோர் சூப்பில் என்ன போட்டார்கள் என்று கேட்டேன். கொண்டைக்கடலை கொஞ்சம், மற்றபடி ஃபாவாதான், வேறு என்ன இருந்தது என்றாள். ரோமாபுரிக் காலத்திலிருந்தே தானியமும் ஃபாவாவும் கொதிக்கவைத்ததுதான் ஏழைகளின் சாப்பாடாம். நீங்கள் பெருமைப்படுகிற சூப்பின் அடி வேரில் இருப்பது என் தம்பியைக் கொன்ற அவரை.

ரத்தத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆமாம், என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. தாயிடமிருந்து ஆண் பிள்ளைக்குப் போகும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் சொன்னபோது நீங்கள் அங்கே இல்லை. எனக்கு ஒன்றும் செய்யாமல் அவனுக்குப் போயிருக்கிறது. இதை நீங்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அவன் இமையைத் தூக்கிக் கண்ணின் வெள்ளையைப் பார்க்கும்போது தெரிகிறது.

பொனாரியா

*

செஸ்ட்ரி
30 ஆகஸ்ட் 1964

பொனாரியாவுக்கு,

முதலில் ஒன்று. அமெரிக்காவைக் கண்டுபிடித்தவனும் ஜெனோவாக்காரன்தான். உன் ஆசிரியைத் தோழியிடம் சொல். பீன்ஸ் தானாக நீந்தி வரவில்லை.

இரண்டாவது. நான் டாக்டரைப் பார்க்கப் போனேன். கவீனோவுக்கு ரத்தம் ஏற்றிய அதே டாக்டர். ஃபாவா பருவம் முடிந்துவிட்டதால் காய்ந்த ஃபாவா ஒரு பிடி போட்டு, அன்று வைத்த மாதிரியே மினெஸ்ட்ரோனே வைத்து, ஒரு ஜாடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

"இது என்னம்மா?" என்றார்.

"சூப்பு."

"எனக்கா?"

"உங்களுக்கில்ல. இதுல என்ன தப்புன்னு பாத்துச் சொல்லுங்க."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பாதி ஜாடி காலி. "இதுல ஒரு தப்பும் இல்ல. பீன்ஸும் பாஸ்தாவும் ஒண்ணா உள்ள போனா இறைச்சி சாப்பிட்ட மாதிரி. அது ரெண்டும் தனித்தனியா அரைகுறை, சேர்ந்தா முழுசு. கீரை இருக்கு, கோஸ் இருக்கு, தோலோட போட்டிருக்கீங்க. கொழுப்புல வதக்காம வேகவச்சிருக்கீங்க. எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்துக்குப் பதிலா இதத்தான் எழுதிக் குடுக்கணும்" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும், பார். உடனே சொன்னேன், அன்றைக்குப் பையன் தட்டிலிருந்து ஃபாவாவை எல்லாம் பொறுக்கிவிட்டேன் என்று.

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "எவ்வளவு நேரம் கொதிச்சுது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்து, ஜாடியை மூடி, என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதற்குப் பிறகு விளக்கினார். அவன் ரத்தத்தில் ஒரு பொருள் குறைவாம். ஃபாவா உள்ளே போனால் சிவப்பு அணுக்கள் உடைந்துபோகுமாம். பச்சையாகத் தின்றால் மோசம், வேகவைத்தாலும் நம்ப முடியாது. மலேரியா இருந்த ஊர்களில் இந்த ரத்தம் அதிகம் என்றார். மலேரியா வந்தபோது இவர்கள்தான் பிழைத்தார்கள் என்றும் சிலர் சொல்கிறார்களாம். "அது அழுக்கு ரத்தம் இல்லம்மா. அது வேற ரத்தம்" என்றார். நான் அப்படி ஒன்றும் அவரிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

ரத்தம் பற்றி எழுதியது தவறு. வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தின் மேல் நின்று மிச்ச சூப்பை ஓடையில் ஊற்றினேன். அன்று அவனுக்கு இரண்டாவது தட்டும் நான்தான் ஊற்றினேன். "அத்தை, இன்னும்" என்று கேட்டான். பொனாரியா, எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

தெக்லா

*

இத்திரி
4 அக்டோபர் 1964

தெக்லா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன்.

கவீனோவை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டேன். லாஸரோவுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் அவனை அங்கே சேர்க்க என் மனம் துணியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இதைக் கோபத்தில் எழுதவில்லை.

அங்கே ஃபாவா அதிகம், இங்கே குறைவு என்று நீங்கள் நினைக்கலாம். உண்மை நேர்மாறு. மார்ச் வந்தால் எங்கள் வாசலிலிருந்து ஆற்றங்கரை வரை ஃபாவாதான். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் அதுதான். ஆனால் இங்கே எல்லாருக்கும் தெரியும். கவீனோ போன வாரம் ஒரு வீட்டுக்கு விளையாடப் போனான். அந்த வீட்டுக்காரி அவனை வாசலிலேயே நிறுத்தி, "ஏ பொனாரியா, உன் பையன் எந்த வகை?" என்று தெருவின் அந்தக் கோடியிலிருந்து கேட்டாள். "ஆகாத வகை!" என்று கத்தினேன். "சரி, அப்ப இங்க சாப்பிட மாட்டான்" என்றாள். அவ்வளவுதான். விளக்கம் இல்லை, ஜாடி இல்லை, டாக்டர் இல்லை.

செஸ்ட்ரியில் எனக்கும் உங்களுக்கும் தெரியும், லாஸரோவுக்குத் தெரியும். ரொட்டிக் கடைக்காரிக்குத் தெரியாது. மாடிவீட்டுக்காரிக்குத் தெரியாது. பள்ளியில் மதியம் சூப் ஊற்றுகிறவளுக்குத் தெரியாது. அவர்கள் எல்லாரும் நல்லவர்கள், பிள்ளையைப் பார்த்தால் ஏதாவது ஊட்டிவிடுகிறவர்கள். அதுதான் எனக்குப் பயம். ஒரு ஊரே தெரிந்து வைத்திருக்கும் விஷயத்தை நான் ஒருத்தி தோளில் சுமந்துகொண்டு அங்கே வேலைக்கும் போய்க்கொண்டிருக்க முடியாது. அந்த ஊர் மாறினால் வருவேன். ஊர் எங்கே மாறப்போகிறது?

பொனாரியா

*

செஸ்ட்ரி
8 ஜனவரி 1965

பொனாரியாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வந்த என் தம்பியை ஒரு முழு பாலாடைக்கட்டியோடு திருப்பி அனுப்பியிருக்கிறாய். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வரப் போனவன் கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். "என்னடா சொன்னா?" என்றேன். "ஒண்ணும் சொல்லலக்கா. பையன் என் கன்னத்தத் தொட்டுப் பாத்துட்டு, அப்பா நீ இளைச்சிட்டேன்னான்" என்றான். கட்டி நன்றாக இருக்கிறது. நன்றி.

ஊர் மாறாது என்று எழுதியிருந்தாய். நீ எழுதிய பட்டியலை ஒரு பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ரொட்டிக் கடைக்காரியிடம் சொன்னேன். "ஃபாவா தின்னா ரத்தம் ஒடையுமா? தெக்லா, உனக்கு வயசாயிடுச்சு, கண்ணாடிய மாத்து" என்றாள். மூன்று நாள் அவள் கடையில் ரொட்டி வாங்காமல் வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நாலாம் நாள், "சரி தாயே, உன் மருமகனுக்குத் தர மாட்டேன், உள்ள வா" என்றாள். மாடிவீட்டுக்காரி துணி காயப்போடும்போது சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். அந்தப் பையனுக்கு அவள் எத்தனை முறை ஏதேதோ ஊட்டியிருக்கிறாளாம். அது எல்லாம் பிஸ்கட் என்று நினைவு வந்ததும் நிறுத்தினாள்.

பள்ளிக்கூடம்தான் கஷ்டம். தலைமை ஆசிரியை, "ஒரு பிள்ளைக்காக மொத்த சமையலையும் மாத்த முடியாதம்மா. அதுவும் அந்தப் பிள்ளை இங்க சேரவே இல்லையே" என்றார். நியாயமான கேள்வி. வெளியே வந்தேன். சமையல்காரி பின்வாசலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். போ என்னும் ஆற்றின் முகத்துவாரத்து ஊர்க்காரி. "ஃபாவாவா? எங்க மாமாவும் இதுலதான் போனாரு" என்றாள், கத்தியை நிறுத்தாமல். "ஆகாத பிள்ளைங்க இருக்காங்களான்னு இங்க யாரும் கேக்கறதே இல்ல. கேட்டா அவங்களுக்குத் தனியா வச்சு ஊத்த மாட்டேன்னா சொல்வேன்?" என்றாள்.

இவ்வளவும் உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. தெரியப்படுத்துகிறேன்.

தெக்லா

*

இத்திரி
11 ஏப்ரல் 1965

தெக்லா அவர்களுக்கு,

இங்கே பூக்கள் உதிர்ந்து காய் பிடித்துவிட்டது. போன செவ்வாய் பள்ளிவிட்டு வரும்போது ஒரு பையன் கவீனோவின் கையில் ஒரு ஃபாவா காயைக் கொடுத்திருக்கிறான். எதிரே கழுதையில் வந்த கிழவர் இறங்கி வந்து அதைத் தட்டிவிட்டு, இரண்டு பேரையும் காதைப் பிடித்து எங்கள் வீடு வரை இழுத்து வந்தார். "இவன் யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியாமயா குடுத்த?" என்று அந்தப் பையனுக்கு வழியெல்லாம் அடி. கவீனோ தின்னவில்லை. ஆனாலும் நான் மூன்று நாள் அவன் சிறுநீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவன் கேட்டான், "அம்மா, இங்கயும் பயந்துக்கிட்டுத்தான இருக்க, அப்ப ஏன் அப்பா இல்லாம இருக்கோம்?" என்று. ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? "போய்ப் படி" என்றேன்.

லாஸரோ இல்லாமல் எனக்கும் முடியவில்லை. இதை அவரிடம் சொல்லாதீர்கள். அல்லது சொல்லுங்கள்.

நேற்று இங்கே மினெஸ்ட்ரோனே வைத்தேன். கொண்டைக்கடலையும் காட்டுப் பெருஞ்சீரகமும் போட்டு எங்கள் வழக்கப்படி. கவீனோ நடுவில் கரண்டியை நட்டான். சாய்ந்தது. "அத்தை வச்சா நிக்கும்" என்றான்.

பொனாரியா

*

செஸ்ட்ரி
3 மே 1965

பொனாரியாவுக்கு,

மே முதல் தேதி முடிந்தது. இந்த ஆண்டு ஃபாவா நல்ல விளைச்சல். நான் விற்கத்தான் செய்தேன். நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரி விற்பாள், அவள் ஒன்றும் சொல்லாமல் விற்பாள். ஒரு பலகை எழுதி வைத்தேன்: 'இங்கே பச்சை ஃபாவா இருக்கிறது. சிலருக்கு இது விஷம். உங்கள் பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்டு வாங்குங்கள்.' எழுத்து கோணலாக இருக்கிறது. லாஸரோ எழுதினான். அவன் பேனா பிடிக்க மாட்டான் என்றேன், தூரிகை பிடிக்கிறான்.

மீன்காரி வயிறு வலிக்கச் சிரித்தாள். "தெக்லா, நீ காய் விக்கிறியா, வர்றவங்கள வெரட்டுறியா?" என்றாள். பக்கத்துக் கடைக்காரி அவள் கூடையை என் பலகையிலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

மதியம் ஒரு பெண் வந்தாள். தெற்குக் கோடியிலிருந்து வந்த கலாப்ரியாக்காரி, கப்பல் தளத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களில் ஒருவனின் மனைவி. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. "அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது, இதுல என்ன போட்டிருக்கு?" என்றாள். படித்துச் சொன்னேன். சிறுநீர் கறுப்பது, கண் மஞ்சளாவது, எல்லாம். கையில் பிடித்திருந்த பிள்ளை கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து வைத்திருந்தான். அதை அவன் விரல்களிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக் கூடையில் போட்டாள். "மூத்தவன் ஒருத்தன் இருந்தான். ஊர்ல எல்லாரும் கண்ணுபட்டுதுன்னாங்க" என்றாள். ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். பக்கத்துக் கடைக்காரி எழுந்து வந்து, அவள் கூடையைப் பழையபடி என் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

இன்னொரு விஷயம். அப்பாவின் பானையின் அடியில் துளை போட்டுவிட்டேன். கழுவினால் போதும் என்று டாக்டர் சொன்னார், எனக்கும் தெரியும். ஆனால் நீ வந்தால் தினமும் அந்த அடுப்பில் அதைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போதெல்லாம் உனக்கு ஆஸ்பத்திரி வராந்தா நினைவு வரும். வராவிட்டாலும், வருகிறதா என்று நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படி இருவர் ஒரு சமையலறையில் இருக்க முடியாது. லாஸரோதான் கருவி கொண்டுவந்து துளை போட்டான். முடித்ததும், "அப்பா திட்டுவாருக்கா" என்றான். மண் நிரப்பி, பேசில் விதைத்து, ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

அதனால் இப்போது வீட்டில் சூப் பானை இல்லை. போன ஆண்டு நீ போனதிலிருந்து, டாக்டருக்குக் கொண்டுபோனதைத் தவிர, நான் மினெஸ்ட்ரோனே வைக்கவும் இல்லை. உன் சாவி மேஜையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தூசி தட்டும்போது எடுத்துத் திரும்ப வைக்கிறேன்.

தெக்லா

*

இத்திரி
12 மே 1965

தெக்லா அக்காவுக்கு,

பானையில் துளை போட்டது பைத்தியக்காரத்தனம். நல்ல பானை. படகில் எத்தனை பேருக்குப் பசி தீர்த்த பானை. கடிதம் படித்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னேன், அவரும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அடுக்களைக்குப் போய் அவருடைய பானையை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். "இத எடுத்துட்டுப் போ. எனக்கு ஒருத்திக்கு எதுக்கு இவ்ளோ பெருசு" என்றார். இந்தப் பானையில் பதினைந்து வருஷமாக, என் தம்பி போனதிலிருந்து, ஃபாவா வெந்ததில்லை.

பள்ளியில் கேட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசியோடு அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி கப்பல். லாஸரோவைத் துறைமுகத்துக்கு வரச் சொல்லுங்கள், பானை கனம். அந்தக் கலாப்ரியாக்காரி எங்கே குடியிருக்கிறாள் என்று விசாரித்து வையுங்கள், நான் அவளைப் பார்க்க வேண்டும்.

ஆக, பீன்ஸ் அமெரிக்காவுடையது, கட்டி எங்களுடையது, உப்பு எங்களுடையது, இனி பானையும் எங்களுடையது. உங்களிடம் மிச்சம் இருப்பது பேசில் மட்டும்தான். வெயில் ஏறும் முன் தண்ணீர் ஊற்றுங்கள் அக்கா, நாங்கள் வருவதற்குள் வாடிவிடப்போகிறது.

பொனாரியா